மீன்பிடித் தடைக்காலத்தில் கடன் தவணை தவறி சிபில் கெட்டுவிட்டால் சரிசெய்ய முடியுமா?

முடியும், ஆனால் மெதுவாகத்தான். வாங்கிய கடனை மாதாமாதம் எப்படிக் கட்டினோம் என்று காட்டும் பதிவுதான் கடன் அறிக்கை. அதைவைத்து சிபில் என்ற கடன் தகவல் நிறுவனம் போடுவதே 300 முதல் 900 வரையிலான சிபில் மதிப்பெண்.

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. வருமானம் நின்றாலும் தவணை நிற்காதே! அறிக்கையில் காரணம் ஏறாது, தாமதம் மட்டும் ஏறும். பாறையில் சிக்கிய வலை நொடியில் கிழியும்; அப்புறம் கரையில் உட்கார்ந்து கண்ணி கண்ணியாகப் பின்ன வேண்டும். இதுவும் அப்படித்தான்.

முதலில் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். கட்டி முடித்த கடன் நிலுவை என்று இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. தாமதம் உண்மையென்றால் யாராலும் அழிக்க முடியாது. காசு வாங்கிக்கொண்டு அழித்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். நிலுவையை முழுதாகக் கட்டுங்கள். தள்ளுபடியில் முடித்தால் 'செட்டில்டு' என்று பதிவாகும், அது அடுத்த கடனுக்கு இடைஞ்சல்.

அறிக்கையை நாமே பார்த்தால் மதிப்பெண் குறையும் என்கிறார்கள். குறையாது, கடன் கேட்டுப் போகும்போது வங்கி பார்ப்பதுதான் கணக்கில் வரும்.