சதா இலக்கணப் பிழை திருத்துகிறவர்களை எப்படிச் சமாளிப்பது?

உங்களைத் திருத்துகிறவர் சொந்தக்காரராகத்தான் இருப்பார். வெளியாள் என்றால் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பீர்கள்.

நான் தமிழாசிரியை. வல்லினம் மிகும் இடம், மிகா இடம் நடத்துவதும் விடைத்தாளில் பிழையைச் சிவப்பு மையில் சுழிப்பதும் என் வேலை. 'பிழைக்கு வக்காலத்தா?' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பாடநூலில் ஒற்றுப்பிழை கண்டால் எனக்கும் பற்றிக்கொண்டு வரும்.

என் அம்மா குடியாத்தத்தில் இருக்கிறார். ஐந்தாவது வரை படித்தவர். பேத்தியிடம் கற்றுக்கொண்டு செல்போனில் தமிழ் அடிக்க ஆரம்பித்தார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள், 'பாப்பாக்கு ஜொரம் கொறஞ்சிடிச்சி யாரும் கவலபடாதிங்க' என்று எழுதினார். சென்னையிலிருந்து பெரியப்பா உடனே பதில் போட்டார்: 'ஜொரம் அன்று, காய்ச்சல். கொறஞ்சிடிச்சி அன்று, குறைந்துவிட்டது. கவலைப்படாதீர்கள்: ப் மிகும்.' குழந்தை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. மச்சாண்டார், அதாவது கணவரின் அண்ணன், எதிரில் உட்காரவே தயங்குகிறவர் அம்மா. அன்றோடு எழுதுவதை நிறுத்திவிட்டார். இப்போது கும்பிடும் கை பொம்மை மட்டும்தான் வரும்.

அம்மா எழுதியது பேச்சு வழக்கு. வட ஆற்காட்டில் 'வந்துகினு கீறேன்' என்போம். வீட்டு வாசலில் அதைப் பிழை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான நன்னூலிலேயே வழுவமைதி உண்டு; பிழை என்றாலும் தக்க காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்வது அது. உவப்பினால் திணை மயங்கினாலும், அதாவது பிரியத்தில் அஃறிணையை உயர்திணையாகச் சொன்னாலும், ஏற்கலாம் என்கிறது. பசுவை 'என் அம்மை வந்தாள்' என்பதை வகுப்பில் உதாரணம் சொல்வோம். அந்த அத்தியாயம் மட்டும் இவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

போன் போட்டேன். "பெரியப்பா, தப்பு இருந்தா எனக்குத் தனியா அனுப்புங்க. அம்மாவ உட்டுடுங்க." 'தமிழாசிரியையே இப்படிப் பேசினால் தமிழ் எப்படி வாழும்?' என்று கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னைப்போல் காட்பாடியில் வீடு இருந்தால் பக்கத்து வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிற சொந்தமெல்லாம் அங்கேதான் இறங்கும். பெரியப்பாவும் வாரக்கணக்கில் தங்கினார். நான் பள்ளிக்கு ஓடுகிற நேரத்தில் வெந்நீர், கஞ்சி, மாத்திரை. சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைத்ததில்லை. குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்து அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது அம்மாதான்.

நீங்களும் நேரடியாகவே சொல்லிவிடுங்கள். ஆனால் நாலு பேர் முன்னால் வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.