கண்ணைப் பார்த்து அடிக்கலாமா?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆளுக்கொரு பாத்திரமேற்று, கதை சொல்லிப் பகடை உருட்டும் ஆட்டம். 2014 விதிகள்தான். நான் டிஎம், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவன். வில்லாளியாக ஆடும் நண்பன் எந்தச் சண்டையிலும் முதல் அம்பையே "கண்ணுல விடுறேன்" என்கிறான். விதியில் அப்படி இல்லை என்று நான் சொன்னால், "நிஜத்துல கண்ணுல அம்பு பட்டா அவ்வளவுதானே?" என்று வாதாடுகிறான். விட்டுவிடலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: விடாதீர்கள் தம்பி. ஆனால் அவர் வாயை அடைத்தும் விடாதீர்கள்.

அந்த விளையாட்டில் ஹிட் பாயின்ட், அதாவது அடி படப்படக் குறைந்து பூஜ்யமானால் ஆள் விழுந்துவிடும் எண், சதைக்கணக்கு மட்டுமல்ல. உடல் வலிமை, மனத் திடம், அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்தது. ஓகர் என்ற ராட்சதனுக்கு 59 ஹிட் பாயின்ட். முதல் அம்பு 8 எடுத்தது என்றால், அது கடைசி நொடியில் முகத்தைத் திருப்பி, காது கிழிந்ததோடு தப்பித்தது என்று சொல்லலாம். உங்கள் நண்பர் எப்போதும் கண்ணுக்குத்தான் குறிவைக்கிறார். அந்த 59-ஐயும் கரைக்கிற அம்புதான் கண்ணில் போய்த் தைக்கும்.

நானும் ஒருமுறை தலையாட்டிவிட்டேன். கண்ணுக்குக் குறிவைத்தால் பகடை எண்ணில் 5 கழியும், பட்டால் குருடு என்று ஒரு வீட்டு விதி போட்டோம். இரண்டு வாரம் ஒரே கொண்டாட்டம். மூன்றாவது வாரம் புதருக்குள்ளிருந்து ஒரு கோப்ளினும் (குட்டிப் பூத எதிரி) அதே விதியில் அம்பு விட்டது. இருபது முகப் பகடையில் உச்ச எண்ணான 20 விழுந்தது. ஒன்றரை வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த பாத்திரம் கண்ணை இழந்தது. அதை ஆடிய நண்பர், பாத்திரத்தின் விவரம் எழுதிய தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பேசாமல் எழுந்து போனார். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஆட்டக்காரருக்குக் கிடைப்பது எதிரிக்கும் கிடைக்கும் என்பதை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் குழுவில் யாராவது பேட்டில் மாஸ்டராக (சண்டை உத்திகளில் தேர்ந்த வீரராக) ஆடினால், ஆயுதத்தைத் தட்டிவிடவும் காலை வாரிவிடவும் அவர் ஒவ்வொரு தடவையும் கையிருப்பிலுள்ள சிறப்புப் பகடை ஒன்றைச் செலவழிக்கிறார். 3ஆம் லெவலில் அவரிடம் இருப்பதே 4 பகடை. வில்லாளிக்கு அதையே சும்மா தூக்கிக் கொடுத்தால் பேட்டில் மாஸ்டருக்கு வயிறு எரியாதா?

குறிபார்த்து அடிப்பதுதான் உங்கள் எல்லோருக்கும் ருசி என்றால், அதற்கென்றே செய்த ஆட்டங்கள் இருக்கின்றன. 1978இல் வந்த ரூன்க்வெஸ்ட்டில் கை, கால், தலை ஒவ்வொன்றுக்கும் தனி ஹிட் பாயின்ட். 1986இல் வந்த கர்ப்ஸில் மூன்று பகடை உருட்டினால் கூட்டுத்தொகை உங்கள் திறமை எண்ணுக்குள் விழ வேண்டும். திறமை 14 உள்ளவர் பொதுவாக அடித்தால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை படும். கைக்குக் குறிவைத்தால் திறமையில் 2 கழியும், 74 தடவை. மண்டைக்கு 7 கழியும், 16 தடவை. கண்ணுக்கு 9 கழியும், ஐந்து தடவைகூடத் தேறாது. இந்தக் கணக்கை நண்பரிடம் காட்டுங்கள். நிஜம் நிஜம் என்கிறாரே, அது எவ்வளவு கஞ்சத்தனமானது என்று தெரியட்டும்.

இப்போதைய ஆட்டத்திலேயே தொடர்வதென்றால், அவர் "கண்ணுல" என்றதும், "பட்டால் என்ன நடக்கணும்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "அது நம்மள துரத்தக் கூடாது" என்றோ "கையில இருக்கறத கீழ போடணும்" என்றோதான் பதில் வரும். அதற்கு வழி இருக்கிறது. டிஎம் கையேட்டில் ஆயுதத்தைத் தட்டிவிட ஒரு விருப்ப விதி உண்டு. அதில் அடி பட்டாலும் காயம் கிடையாது, பொருள் மட்டும் விழும். எனக்கு அந்தப் பண்டமாற்று ரொம்பப் பிடிக்கும்.

உறுப்பை வெட்டியே தீர வேண்டும் என்கிறாரா? ஹைட்ரா என்ற ஐந்து தலைப் பாம்பு அரக்கனைக் கொண்டுவாருங்கள். ஒரே டர்னில் (ஒருவரின் ஒரு முறைக்குள்) 25 காயம் பட்டால் ஒரு தலை போகும். நெருப்பு வைக்காவிட்டால் போன தலைக்கு இரண்டு முளைக்கும். வில்லாளியிடம் தீ அம்பு இருக்கிறதா என்று சனிக்கிழமையே கேட்டு வையுங்கள்.