பெட்டியில் போட்ட லீற்றரை நம்பி பம்ப் வாங்காதீர்கள்

வெள்ளவத்தை வாசகி ஒருவரின் கேள்வி: "முற்றத்தில் 8 அடி நீளம், 5 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் சீமெந்துத் தொட்டி கட்டி ஆறு கொய் மீன் விட்டோம். தண்ணீர் பச்சையாகிவிட்டது. எந்த பம்ப், எந்த ஃபில்டர் வாங்குவது?"

முதலில் தண்ணீரின் அளவு. உங்கள் தொட்டி 100 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லீற்றர் என்றால் 2,800 லீற்றர். கொய் நிறையத் தின்று நிறையக் கழிக்கும். கொழும்புச் சூட்டில் தண்ணீரில் ஒட்சிசனும் குறைவு. அதனால் மணிக்கு ஒரு தடவையாவது முழுத் தண்ணீரும் ஃபில்டருக்குள் போய்வர வேண்டும்.

சரி, பெட்டியில் மணிக்கு 3,000 லீற்றர் என்று போட்ட பம்ப் போதும்தானே? போதாது. பெட்டியில் இருப்பது, தண்ணீரை மேலே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. ஏற்ற ஏற்ற அது குறையும். பெட்டியில் போட்டிருக்கும் உச்ச உயரத்தில் ஒரு சொட்டும் வராது. தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து குழாய் ஏறும் உச்சிவரை அளந்துகொண்டு போய், அந்த உயரத்தில் எத்தனை லீற்றர் வரும் என்று கடையில் கேளுங்கள். நாலடி ஏற்றுவதென்றால் பெரும்பாலும் 5,000 லீற்றருக்கு மேல் போட்ட பம்ப்தான் உங்களுக்குச் சரிவரும். பம்ப்பின் வாயைவிட மெல்லிய குழாயை மாட்டி அதையும் நெரித்துவிடாதீர்கள். பூட்டிய பிறகு 20 லீற்றர் வாளியைப் பிடித்துப் பாருங்கள்: 25 விநாடிக்குள் நிரம்பினால் போதும்.

வொட்டையும் பாருங்கள். 40 வொட் பம்ப் இரவு பகலாக ஓடினால் மாதம் 29 யூனிட். கரண்ட் பில் அடுத்த படிக்கு ஏறக்கூடும். ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் மட்டும் பூட்டவே வேண்டாம்.

ஃபில்டரில் முதலில் ஊத்தையைப் பிடிக்கும் ஸ்பொஞ்ச், அப்புறம் பக்டீரியா குடியிருக்கும் பகுதி. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுவது அந்தப் பக்டீரியாதான். அது பெருகச் சில வாரங்கள் எடுக்கும். ஸ்பொஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரீன் அதைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். மின்வெட்டு சில மணி நேரம் நீடித்தால், மூடிய ஃபில்டரில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டே பம்ப்பைப் போடுங்கள்.

பச்சை நிறம் நுண்ணிய பாசி. எந்த ஸ்பொஞ்சிலும் நிற்காது. அதற்குப் புற ஊதா விளக்கு வேண்டும். ஆனால் அந்த விளக்கு அமோனியாவை ஒன்றும் செய்யாது, ஃபில்டருக்கு ஈடும் இல்லை.

இன்னொன்று. ஆறு கொய் வளர்ந்தால் இந்தத் தொட்டி தாங்காது. இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பெரிய தொட்டி உள்ளவர்களிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள்.