எல்லாமே ஸ்லோவா, இல்ல அது மட்டும் ஸ்லோவா?

கேள்வி: அண்ணா வணக்கம். கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல வீடு. பொண்ணு பெங்களூர் கம்பெனிக்கு வீட்ல இருந்தே வேலை பாக்குறா. கேபிள்காரர்கிட்ட ஃபைபர் லைன், 50 எம்பி பிளான். ஸ்பீடு டெஸ்ட் போட்டா 48 காட்டுது, ஆனா சாயங்காலம் 7 மணிக்கு மேல மீட்டிங் வீடியோ கட்டம் கட்டமா உடையுது. கேட்டா "லேப்டாப் பழசுங்கக்கா"ன்றாரு. வேணும்னே மெதுவாக்குறாங்களா? அதைக் கேக்க சட்டம் ஏதாச்சும் இருக்கா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: இருக்குங்க. 2018 ஜூலைல டிராய் (போன், இன்டர்நெட் கம்பெனிங்களைக் கண்காணிக்கிற ஆணையம்) சிபாரிசை மத்திய தொலைத்தொடர்புத் துறை ஏத்துக்கிச்சு, அதுக்கப்புறம் கம்பெனிங்க லைசென்ஸ்லயே அந்த ஷரத்து வந்துடுச்சு. நீங்க பாக்குற ஆப், சைட் எதுன்னு பாத்து அதைத் தடுக்கவோ மெதுவாக்கவோ இன்னொண்ணை முன்னாடி விடவோ கூடாது. கோர்ட்டோ அரசாங்கமோ போடுற தடை உத்தரவு இதுல சேராது. அப்புறம் "நியாயமான டிராஃபிக் மேனேஜ்மென்ட்" பண்ணிக்கலாம்னு ஒரு விலக்கு இருக்கு, சண்டையே அந்த வார்த்தைல தான்.

நம்ம ஊர் கணக்குலயே சொல்றேன். மே மாச சீசன்ல ஏற குன்னூர் ரோடு, இறங்க கோத்தகிரி ரோடுன்னு போலீஸ் ஒன்வே போடுவாங்கல்ல, திட்டிக்கிட்டே சுத்திப் போவோம், ஆனா எல்லா டூரிஸ்ட் வண்டிக்கும் ஒரே ரூல்னு மனசு ஆறிடும். அதுவே கல்லார் செக்போஸ்ட்ல ஒருத்தர் நின்னுக்கிட்டு எனக்குப் போட்டியா டாக்ஸி ஓட்றவன் வண்டியை மட்டும் ஓரங்கட்டுன்னா? அது மேனேஜ்மென்ட் இல்ல.

அமெரிக்கால காம்காஸ்ட்ங்கற இன்டர்நெட் கம்பெனி பண்ணது இந்த ரெண்டாவது ரகம். 2007ல ராப் டோபோல்ஸ்கின்னு ஒருத்தர், பழங்காலப் பாட்டுப் பைத்தியம், அந்தப் பாட்டுங்களை ஃபைல் ஷேரிங்ல போட்டா போகவே மாட்டேங்குதேன்னு நோண்ட ஆரம்பிச்சாரு. நோண்டினா, ரெண்டு கம்ப்யூட்டர் பேசிட்டு இருக்கும்போது நடுவுல கம்பெனி பூந்து, இந்தப் பக்கம் "அவர் போனை வச்சுட்டாரு"ன்னும் அந்தப் பக்கம் "இவர் வச்சுட்டாரு"ன்னும் பொய் மெசேஜ் அனுப்பிட்டு இருந்திருக்கு! அசோசியேட்டட் பிரஸ் நிருபர்கள் பைபிளையே பிட்டோரண்ட்ங்கற ஃபைல் ஷேரிங் முறைல போட்டுப் பாத்தாங்க, அதுக்கும் அதே கதி. கம்பெனி முதல்ல இல்லவே இல்லைன்னுச்சு, அப்புறம் நெரிசலைச் சமாளிக்கத் தான்னுச்சு. அந்த ஊர் டிராயான எஃப்சிசி 2008 ஆகஸ்ட்ல மூணுக்கு ரெண்டு ஓட்டுல தப்புன்னு தீர்ப்பு சொல்லி நிறுத்தச் சொன்னாங்க, அபராதம் ஒரு பைசா இல்ல. அதையும் 2010 ஏப்ரல்ல கோர்ட்டு, உங்களுக்கு இதுல அதிகாரமே இல்லன்னு ரத்து பண்ணிடுச்சு. அங்க இன்னும் முடியல. 2015ல இப்படிப் பாகுபாடு பாக்கக் கூடாதுன்னு விதி வந்தது, 2017ல எடுத்தாங்க, 2024ல திரும்பப் போட்டாங்க, 2025 ஜனவரி 2ஆம் தேதி இன்னொரு கோர்ட்டு அதையும் தூக்கிடுச்சு. ஆட்சி மாறினா ரூல் மாறும்ங்கற கதை தான்.

சரி உங்க வீட்டுக்கு வருவோம். உங்க கேஸ்ல எனக்கு சந்தேகம் நெரிசல் மேல தான், சதி மேல இல்ல. அந்த 48 எப்போ எடுத்தது, மத்தியானமா, 7 மணிக்கு மேலயா? இன்னொண்ணு, ஸ்பீடு டெஸ்ட் பெரும்பாலும் கிட்டத்துல இருக்கற சர்வரைப் பிடிக்கும், சில சமயம் அது அந்தக் கம்பெனியோட சொந்த சர்வராவே இருக்கும், அப்போ கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரோடு சூப்பர்னு தான் காட்டும், அதுக்குக் கீழ மேட்டுப்பாளையத்துல வண்டி நிக்கிறது தெரியாது. மீட்டிங்குக்கு அப்லோடும் (உங்க வீட்ல இருந்து வெளிய போற வேகம்) முக்கியம், அந்த நம்பரையும் பாருங்க.

ஒரு வாரம் ராத்திரி 7லிருந்து 10க்குள்ள, வைஃபைல இல்லாம கேபிள் சொருகி, டெஸ்ட்ல சென்னை சர்வர் ஒண்ணு, வேற கம்பெனி சர்வர் ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் போட்டு ஸ்கிரீன்ஷாட் எடுங்க. எல்லாமே படுத்துட்டா நெரிசல். மத்ததெல்லாம் பறக்குது ஒரே ஒரு சர்வீஸ் மட்டும் தினமும் தவழுதுன்னா, 'வீஹி'ன்னு ஒரு ஆப் இருக்கு, அமெரிக்காவோட நார்த்ஈஸ்டர்ன் யுனிவர்சிட்டி ஆளுங்க பண்ணது. யூடியூப் மாதிரி சர்வீஸோட டிராஃபிக்கை அப்படியே ஒரு தடவையும், எந்த சர்வீஸ்னு முகம் தெரியாம கலைச்சுப் போட்டு ஒரு தடவையும் அனுப்பிப் பாக்கும். முகம் தெரியும்போது மட்டும் ஸ்லோன்னா உங்களுக்கு ஆதாரம் கிடைச்சாச்சு. விபிஎன் (நம்ம டிராஃபிக்கை மூடி மறைச்சு வேற சர்வர் வழியா அனுப்புற ஆப்) போட்டா சரியாகுதேன்னு பல பேர் குதிப்பாங்க, அதை மட்டும் நம்பாதீங்க, விபிஎன் வேற ரூட்ல போறதாலயும் வேகம் கூடலாம்.

புகாரை கேபிள்காரர்கிட்ட வாயால சொல்லி நிறுத்திடாதீங்க. அவர் பெரும்பாலும் ஃபிரான்சைஸி தான், பில்லுல பேர் போட்டிருக்கற கம்பெனி தான் லைசென்ஸ்காரன். அங்க புகார் பண்ணி டாக்கெட் நம்பர் (புகார் பதிவு எண்) வாங்குங்க, தீரலன்னா அதே கம்பெனியோட அப்பீல் அதிகாரிக்குப் போங்க, இதுக்குக் காசு கிடையாது. டிராய்க்கு நேரா எழுதினா தனிநபர் புகாரை அவங்க விசாரிக்க மாட்டாங்க, கம்பெனிக்கே தள்ளி விடுவாங்க. போன வருஷம் ரெண்டு பக்கம் எழுதி அனுப்பி நானே இந்தப் பாடம் படிச்சேன். அப்பீலும் தேறலன்னா தொலைத்தொடர்புத் துறையோட குறைதீர்ப்புப் பிரிவு, இல்ல நுகர்வோர் கோர்ட்டு. டெலிகாம் சண்டைக்கும் அங்க போகலாம்னு 2022ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. லேப்டாப்பை மாத்துற செலவு இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: தினம் ஒன்றரை ஜிபி முடிஞ்சதும் என் போன் செத்துடுது. இதுவும் நீங்க சொல்ற அந்த தப்பு தானே?
- வாசகர், குன்னூர்

பதில்: இல்லங்க, அது நீங்க வாங்குன பிளான். எல்லா ஆப்புக்கும் ஒரே மாதிரி குறையுது, அதனால பாகுபாடுன்னு சொல்ல முடியாது. பல பிளான்ல அப்புறம் 64 கேபிபிஎஸ் தான், ஒரு எம்பி போட்டோ இறங்கவே ரெண்டு நிமிஷம். வீட்டு லைனுக்கு மட்டும் 2016ல டிராய் ஒரு உத்தரவு போட்டிருக்கு, கோட்டா முடிஞ்சாலும் 512 கேபிபிஎஸ்க்குக் கீழ இறக்கக் கூடாதுன்னு.

கேள்வி: ஒரு ஆப்பை மட்டும் ஃப்ரீயா குடுத்தா நமக்கு லாபம் தானே, அதை ஏன் தடுத்தாங்க?
- வாசகர், கூடலூர்

பதில்: ஃபேஸ்புக்கோட ஃப்ரீ பேசிக்ஸைக் கேக்குறீங்க, சில சைட்டை மட்டும் டேட்டா காசு இல்லாம பாக்க விடுற திட்டம். முழுப்பக்க விளம்பரமெல்லாம் குடுத்துப் பாத்தாங்க, டிராய் 2016 பிப்ரவரி 8ஆம் தேதி முடியாதுன்னுடுச்சு. எதைப் பாக்குறோம்ங்கறதை வச்சு ரேட் மாறக் கூடாது, மீறினா ஒரு நாளைக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். கம்பெனிங்களுக்கு 50 லட்சம் டீ செலவு தான், ஆனாலும் அந்தத் திட்டத்தை இங்க மூடிட்டுப் போனாங்க. யோசிங்க, பச்சைத் தேயிலை ஏத்திப் போற லாரி ஒரே ஒரு பாக்டரிக்குப் போனா மட்டும் வாடகை இல்லன்னு வச்சா, ரெண்டு வருஷத்துல பக்கத்து பாக்டரி இருக்குமா? அப்புறம் அந்த ஒருத்தர் சொல்றது தான கொழுந்துக்கு விலை.