எக்காளம்

ஐயா,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். வயது 27. வருகிற மே மாதம் எங்கள் திருச்சபைச் சேகரத்தில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதற்குத் தகுதியே இல்லை. நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அக்கா நன்றாகப் பாடுவாள், பேசுவாள். நான் எப்போதும் கடைசி வரிசை. ஜெபித்தும் மாறவில்லை. இது அவிசுவாசமா? ‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்று கண்ணாடி முன் நின்று தினமும் நூறு தடவை சொல்லச் சொல்கிறார் ஒரு ஊழியர். சொல்லட்டுமா? இல்லை, தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்புக்குப் போகட்டுமா?

அன்புள்ள மகளே,

என் இளையவளுக்கும் உன் வயதுதான். அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

வகுப்புக்குப் போவது உன் கைக்காசைப் பொறுத்தது. அக்கா விவகாரத்தை அக்காவிடம் பேசு. கண்ணாடி வேண்டாம். பவுல் அப்போஸ்தலர் அந்த வசனத்தை எழுதியபோது காவலில் இருந்தார். ‘தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்’ என்பது அதற்கு முந்தின வசனம்; அதை எந்தக் காலண்டரிலும் அச்சடித்து நான் பார்த்ததில்லை. பட்டினி கிடக்கப் பழகின மனுஷன் சொன்னதை மேடைப்பேச்சுக்கு டானிக்காகக் குடிக்கச் சொல்கிறார்கள்.

இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன். நீ எழுதியது நாலு பக்கம். ஒரு சந்திப்பிழை கிடையாது. நாலு பக்கமும் உன் குறைகள்தான். வரப்போகிற பிள்ளைகள் எத்தனை பேர், எந்தத் தெருப் பிள்ளைகள், அவர்களுக்கு என்ன கதை சொல்லப்போகிறாய் என்று ஒரு வரி உண்டா? இதற்குத் தாழ்மை என்று பெயர் வைக்காதே. எனக்குக் கோபம் வருகிறது.

மோசேக்கும் இதே வியாதி. எகிப்தின் ராஜா பார்வோனிடம் போ என்று கர்த்தர் சொன்னபோது, ‘நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்’ என்றார். ‘அதெல்லாம் இல்லை, நீ நன்றாகத்தான் பேசுகிறாய்’ என்று கர்த்தர் தட்டிக்கொடுக்கவில்லை. மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் யார் என்று கேட்டார். அதற்குப் பிறகும் வேறு யாரையாவது அனுப்பும் என்று மோசே நழுவப் பார்த்தபோதுதான் கர்த்தருக்குக் கோபம் மூண்டது. அந்தக் கோபத்திலேயே அண்ணன் ஆரோனைக் கூட அனுப்பினார். வாய் சரியானதாக அங்கே ஒரு வார்த்தை இல்லை. யாத்திராகமம் 6ஆம் அதிகாரத்திலும் மோசே அதையேதான் புலம்புகிறார். திக்குவாய் திக்குவாயாகவே பார்வோனிடம் போனது, பக்கத்தில் ஒரு ஆளோடு. ரொம்ப காலமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம் பிரசங்கிமார் வாய் திறந்த கதையைத்தான் சொல்வார்கள், ஆள் கிடைத்த கதையைச் சொல்லமாட்டார்கள். டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து அடிபட்டவர், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான். அத்தனை வருஷமும் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறு போட்டது யார் கைகள்?

நானே திக்குவாயன். எங்கள் ஊர் தேரிக்காட்டு ஓரம். பன்னிரண்டு வயதில் சபை உபதேசியார் என்னை ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்க நிறுத்திவிட்டார். பாடம் தானியேல் 3. அந்த அதிகாரம் உனக்குத் தெரியும்தானே? எக்காளம், நாகசுரம், கின்னரம், வீணை, சுரமண்டலம், தம்புரு என்று வாத்தியப் பட்டியல் ஒரு தடவை இல்லை, நாலு தடவை வரும். திக்குவாயனைக் கொல்ல அது ஒன்று போதும்.

‘எ… எ…’ என்று நின்றுவிட்டேன். பையன்கள் பக்கம் சிரிப்பு. டவுசருக்குள் கால் ஆடுகிறது. பெண்கள் பக்கம் ஓலைப்பாயில் உட்கார்ந்திருந்த பெரியம்மை, ஓலைப்பெட்டி முடைந்து பிழைத்தவள், கைநாட்டு, அங்கிருந்தே சத்தமாக, ‘எக்காளம்லா! சொல்லுல’ என்றாள். சொன்னேன். அவளும் கூடவே நாகசுரம், கின்னரம் என்று வந்தாள். வருஷாவருஷம் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். இரண்டாம் தடவை பெண்கள் பக்கம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. நாலாவது தடவை, சிரித்த பயல்கள் உட்படக் கோயிலே சேர்ந்து சொன்னது. சேர்ந்து வாசித்தால் திக்குவாய் திக்காது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. அன்றைக்கு நான் கண்டது, தம்புரு வரைக்கும் என் வாய் ஓடியதைத்தான். அடுத்த வசனத்தில் தனியாக நின்றபோது மறுபடியும் திக்கினேன். இன்றைக்கும் போனில் ‘ஹலோ’ சொல்ல எனக்கு நேரம் ஆகும்.

உனக்கு நன்றாகப் பாடுகிற அக்கா ஒருத்தி இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டாயா? பாட்டை அவள் பார்த்துக்கொள்ளட்டும். கதையை நீ சொல்லு, தப்பும் தவறுமாகவே சொல்லு.

ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் பெரியம்மை என் காதைப் பிடித்தாள். அவ்வளவு சத்தமாகச் சொன்னவள், இப்போது குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

‘ஆமா, தம்புருன்னா என்னதுல?’

எனக்கும் தெரியவில்லை.