தொப்பியைக் கழற்றும் கோச்

அன்புள்ள சார்,

வணக்கம். போன வருடம் நீங்கள் எழுதிய ஒரு குறிப்பில், மகனின் பேஸ்பால் அணிக்குக் கோச்சாக இருப்பதாக ஒரே ஒரு வரி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஈரோடு பக்கம். இப்போது இருப்பது நார்த் கரோலினாவில், கேரியில். மகனுக்கு எட்டு வயது. சிறுவர்கள் பேஸ்பால் ஆடுகிற லிட்டில் லீக்கில் சேர்த்துவிட்டோம். பெயர் கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, "அணிக்குக் கோச் கிடைக்கவில்லை, நீங்கள் வர முடியுமா?" என்று மெயில். நான் பேஸ்பாலை டிவியில்கூட முழுசாகப் பார்த்ததில்லை. அதைச் சொன்னால், "பரவாயில்லை, கோச்சுகளுக்கென்று கிளினிக் நடத்துகிறோம், சனி ஞாயிறு இரண்டு நாள் வந்தால் போதும்" என்கிறார்கள்.

ஒரு விளையாட்டை இரண்டு நாளில் கற்றுக்கொண்டு ஊரான் பிள்ளைக்குச் சொல்லித்தர முடியுமா? பேருக்கு நடத்தும் சடங்குதானே இது? "உங்களுக்குத்தான் கிரிக்கெட் தெரியுமே, அது போதும்" என்கிறாள் மனைவி. போதுமா?

எஸ்., கேரி

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். போதாது. சில இடங்களில் கிரிக்கெட் தெரியாமல் இருப்பதே நல்லது.

நாலு வருடத்துக்கு முன் எனக்கும் இதே மெயில் வந்தது. நான் இருப்பது நியூ ஜெர்சியில். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. ஊருக்குப் பேசும்போது "இந்த சனி ஞாயிறு கிளினிக் போகணும்மா" என்று சொல்லிவிட்டேன். "ஐயோ, உடம்புக்கு என்னடா?" என்று அம்மா பதறிப்போனாள். பேஸ்பால் என்றால் என்ன, அதற்கு எதற்குக் கிளினிக் என்று அரைமணி நேரம் விளக்க வேண்டியதாயிற்று. எல்லாம் கேட்டுவிட்டு, "சம்பளம் எவ்வளவு?" என்றாள். சம்பளம் இல்லை என்றேன். "அப்ப எதுக்குடா?" என்றாள்.

சம்பளம் இல்லாத ஆட்களை வைத்துத்தான் இது ஓடுகிறது. 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில், கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் தன் உறவுப் பையன்கள் விளையாடுவதற்காக மூன்று அணிகளைச் சேர்த்து ஆரம்பித்தது லிட்டில் லீக். இன்றைக்கும் கோச் என்று தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறவர் வார நாளில் பிளம்பராகவோ பல் டாக்டராகவோ இருப்பார். அதனால் நீங்கள் ஒன்றும் ஆள்மாறாட்டம் செய்யப் போவதில்லை. குற்றப் பின்னணி சரிபார்க்க ஒரு படிவம் தருவார்கள், நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கிளினிக்குக்கு வருகிறேன். பிப்ரவரி மாதம், வெளியே பனி, ஒரு பள்ளிக்கூடத்தின் உள்ளரங்கு. நாற்பது பேர் இருந்தோம். நடத்தியவர் ஓய்வுபெற்ற உயர்நிலைப்பள்ளிக் கோச். எழுபதைத் தாண்டியவர், ஒரு முழங்கால் சரியாக மடங்காது. கையில் எப்போதும் ஃபங்கோ. பயிற்சியில் பந்தை அடித்துக் கொடுப்பதற்கென்றே இருக்கிற ஒல்லியான, நீளமான பேட் அது. அவர் எல்லோரையும் "கோச்" என்றே கூப்பிட்டார். என் பெயரோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை.

முதல் அரைமணியில் என் கிரிக்கெட் மானம் போயிற்று. பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு, அதாவது ஓடிப்போய்த் தொட வேண்டிய முதல் இடத்துக்கு, ஓடிக் காட்டச் சொன்னார். அடித்தேன், ஓடினேன், பேட்டோடு. போய்ச் சேர்ந்து, கிரீஸைத் தொடுகிற மாதிரி பேட்டை நீட்டி பேஸைத் தொட்டும் வைத்தேன். அரங்கமே சிரித்தது. கிழவர் மட்டும் சிரிக்காமல், "கோச், அதை இங்கேயே போட்டுவிட்டுப் போகலாம், யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள்" என்றார். கால் பக்கம் வந்ததை நைசாகப் பின்னால் திருப்பிவிட்டேன். நம் ஊரில் நாலு ரன். இங்கே ஃபவுல், அடித்தவனுக்கு ஓட்டமே கிடையாது. உயரமாக வருகிற பந்தின் கீழே போய் நிற்பதும், கையைத் தளர்த்திப் பந்தை வாங்குவதும்தான் உதவின. மற்றதையெல்லாம் மறக்க வேண்டியிருந்தது.

இனி உங்கள் முக்கியக் கேள்வி, இரண்டு நாளில் என்ன கிடைக்கும் என்பது. ஆட்டம் கிடைக்காது. அதை மைதானத்தில், பிள்ளைகளோடு சேர்ந்து, மூன்று வருடத்தில் கற்றுக்கொள்வீர்கள். ஆனால் எதையெல்லாம் செய்யக்கூடாது என்பதை இரண்டு நாளில் கற்றுக்கொள்ள முடியும். நான் கற்றேன்.

சனிக்கிழமை காலை, கிழவர் எங்களில் பன்னிரண்டு பேரை ஒரே வரிசையில் நிறுத்தினார். ஃபங்கோவால் தரையோடு உருட்டி அடித்தார். ஒருவர் பந்தை எடுத்து எறிந்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். எந்தப் பள்ளி மைதானத்திலும் நடப்பதுதான். நான்காவது பந்திலேயே வரிசை கலைய ஆரம்பித்தது. இருவர் வீட்டுக்கடன் வட்டி பற்றிப் பேசினார்கள். ஒருவர் போனை எடுத்தார். எனக்கு முன்னால் நின்றவர், நாற்பத்தைந்து வயசிருக்கும், தன் கிளவ்வைத் தலையில் கவிழ்த்து வைத்துப் பார்த்தார். பத்து நிமிடத்தில் விசில். "ஆளுக்கு எத்தனை பந்து?" என்று கேட்டார். ஐந்து. ஒரு பந்துக்குப் பத்து விநாடி, பன்னிரண்டு பேர் என்றால் உங்கள் முறை வர இரண்டு நிமிடம். அதே பன்னிரண்டு பேரை மூன்று மூன்றாக நான்கு இடத்தில் பிரித்தார், ஒவ்வொரு இடத்திலும் பந்து உருட்ட ஒருவர். இப்போது பத்து நிமிடத்தில் ஆளுக்கு இருபது. யாரும் போனைத் தொடவில்லை. கிளவ்வைத் தலையில் வைத்தவரைக் காட்டி, "இவருக்கு வீடு இருக்கிறது, கடன் இருக்கிறது, இவராலேயே இரண்டு நிமிடம் சும்மா நிற்க முடியவில்லை. எட்டு வயசுப் பையனைக் கவனம் இல்லை என்று திட்டுகிறோம்" என்றார்.

மதியம் இன்னொன்று. எல்லோரும் வராத கையால் எறிய வேண்டும். எனக்கு அது இடக்கை. சுவரில் டேப்பால் ஒட்டிய ஒரு சதுரம், முப்பது அடி தூரம். நான் எறியப்போகும் நேரம் பார்த்து, பின்னாலிருந்து கிழவர் ஆரம்பித்தார். "முழங்கையைத் தூக்கு! காலை எடுத்து வை! தோளைத் திருப்பு! மணிக்கட்டு! சொன்னேனே, முழங்கை!" பந்து எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். உண்மையிலேயே காது சூடாகிவிட்டது எனக்கு. ஐம்பதை நெருங்குகிறேன், பின்னால் நிற்பவர் வேண்டுமென்றே நடிக்கிறார் என்று தெரியும், இருந்தும் அழுகை வருகிற மாதிரி ஆயிற்று. அடுத்த முறை அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "அந்தச் சதுரத்தை உடைக்கப் பார்." பந்து சதுரத்தில் படவில்லை. ஆனால் அதே சுவரில் பட்டது.

இதெல்லாம் ஒரு கிழவரின் சாமர்த்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் இருவரும் 1970களிலேயே லிட்டில் லீக் கோச்சுகளை மைதானத்தில் உட்கார்ந்து கவனித்து, யார் எத்தனை முறை தட்டிக்கொடுக்கிறார், எத்தனை முறை கடிந்துகொள்கிறார் என்று குறித்தார்கள். பிறகு கோச்சுகளையும் கேட்டார்கள், பிள்ளைகளையும் கேட்டார்கள். கோச் எப்படி நடந்துகொள்கிறார் என்பது கோச்சைவிடப் பிள்ளைகளுக்குத்தான் சரியாகத் தெரிந்திருந்தது. 1992இல் வந்த அவர்களுடைய இன்னொரு ஆய்வில், சில கோச்சுகளுக்கு மட்டும் இரண்டரை மணிநேர வகுப்பு. இரண்டு நாள்கூட இல்லை. அடுத்த வருடம் பார்த்தால், வகுப்புக்குப் போகாத கோச்சுகளின் அணிகளிலிருந்து 26 சதவீதப் பிள்ளைகள் ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள். போனவர்களின் அணிகளிலிருந்து 5 சதவீதம். அதிகம் தோற்ற அணி, குறைவாகத் தோற்ற அணி என்பதால் வந்த வித்தியாசமும் இல்லை. சின்ன ஆய்வுதான், இருபதுக்கும் குறைவான கோச்சுகள். ஆனாலும் சடங்கா என்று நீங்கள் கேட்டதும் எனக்கு இந்த இரண்டு எண்கள்தான் ஞாபகம் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கக் கை பற்றி. இதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2007 முதல் லிட்டில் லீக்கில் ஒரு பையன் ஒரு நாளில் இத்தனை பந்துதான் வீசலாம் என்று கணக்கு உண்டு. 7-8 வயதுக்கு 50, 9-10க்கு 75, 11-12க்கு 85. அதோடு முடியவில்லை. 21 பந்து வீசினால் மறுநாள் ஓய்வு, 36 என்றால் இரண்டு நாள், 51 என்றால் மூன்று, 66ஐத் தொட்டால் நான்கு. கையில் அடங்குகிற ஒரு கிளிக்கர் வாங்கிக்கொள்ளுங்கள், அழுத்த அழுத்த எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் கூடும். மனக்கணக்கை நம்பாதீர்கள். ஆட்டம் இழுபறியாக இருக்கும்போது எல்லா அப்பாவுக்கும் எண்ணிக்கை குறைவாகவே ஞாபகம் இருக்கும்.

முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு தசைநார் இருக்கிறது. அது அறுந்தால் வேறொரு இடத்து நாரை எடுத்து வைத்துக் கட்டுவார்கள். 1974இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் பந்துவீச்சாளர் டாமி ஜானுக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்தது. அதனால் அந்த அறுவை சிகிச்சைக்கே டாமி ஜான் என்று பெயர். தொழில்முறை வீரருக்கு வர வேண்டியது இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு வருகிறது. சிறுவர்களைப் பத்து வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், ஒரு வருடத்தில் 100 இன்னிங்ஸுக்கு மேல் (இங்கே மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு அணியின் முறை முடிந்தது) வீசியவர்களுக்குக் கடுமையான காயம் 3.5 மடங்கு அதிகம். தொழில்முறை அணிகளின் மேஜர் லீக்கும் தேசிய அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் கொண்டுவந்த பரிந்துரையில், வருடத்தில் நாலு மாதமாவது பையன் பந்தே எறியக்கூடாது என்றிருக்கிறது. (அந்த யுஎஸ்ஏ பேஸ்பாலின் தேசியப் பயிற்சி வளாகம் உங்கள் கேரியில்தான் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.)

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் வலது தோளைத் தடவிக்கொண்டேன். பதினைந்து வயதில் ஊர் டோர்னமென்டில் நான்தான் வேகப்பந்து. காலை ஒரு மேட்ச், மதியம் ஒரு மேட்ச், "தம்பி, இன்னும் ஒரே ஒரு ஓவர்டா" என்று ஒரு அண்ணன். ஒரு ஓவர் ஐந்தாகும். அன்புதான், வேறொன்றும் இல்லை. இன்றைக்கும் மேலலமாரியில் இருந்து சூட்கேஸ் எடுக்க மகனைத்தான் கூப்பிடுகிறேன்.

ஞாயிறு மதியம் தண்டம். பேட்டில் மாட்டுகிற சென்சார், பந்து கிளம்புகிற கோணம் என்று ஒருவர் ஒன்றரை மணிநேரம் படம் காட்டினார். பெரிய பிள்ளைகளின் கோச்சுக்கு அதெல்லாம் உதவலாம். ஷூ லேஸ் கட்டத் தெரியாத பையனை வைத்துக்கொண்டு கோணத்தை என்ன செய்வது? பின்வரிசையில் உட்கார்ந்து டோநட் சாப்பிட்டேன்.

கிளினிக் முடிந்து ஏப்ரலில் சீசன் ஆரம்பித்தது. நான் கத்தவில்லை. ஒரே ஒரு வார்த்தை, அதுவும் தேவைப்பட்டால். எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது. மூன்றாவது மேட்ச் முடிந்து காரில் வரும்போது மகனிடம் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன், "அப்பா கத்துறேனாடா?"

"இல்லப்பா."

"பின்ன?"

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். "யாராவது பந்தை விட்டா நீங்க தொப்பியைக் கழட்டி, தலையைத் தடவிட்டு, திரும்பப் போடுவீங்க. டீம்ல எல்லாருக்கும் தெரியும். பந்தை விட்டதும் முதல்ல உங்களைத்தான் பார்ப்பாங்க, தொப்பி கழறுதான்னு."

எனக்கு அப்படி ஒரு பழக்கம் இருப்பதே தெரியாது. அடுத்த மேட்சுக்குத் தொப்பி இல்லாமல் போனேன். கை தானாகத் தலைக்குப் போயிற்று. இரண்டாவது பேஸில் நின்ற ஒரு பொடியன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். பிறகு கையைக் கட்டிப்போட ஒரே வழி என்று கிளிக்கரை ஒரு கையிலும் ஸ்கோர் நோட்டை இன்னொரு கையிலும் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஆகவே போய்விட்டு வாருங்கள், எஸ். நோட்டு எடுத்துப் போங்கள். சாக்ஸ் இரண்டு ஜோடி, உள்ளரங்கின் தரை குளிரும். கிரிக்கெட் தெரியும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள், பேட்டோடு ஓடச் சொல்லி வேடிக்கை பார்ப்பார்கள்.

போவதற்கு முன் ஒரு கிளவ் வாங்கிவிடுங்கள். நீங்கள் வலக்கைக்காரர் என்றால் அது இடக்கைக்கு. பந்தைப் பிடிப்பது அந்தக் கை, எறிவதற்கு வலக்கை சும்மா இருக்க வேண்டும். இதை ஏன் இத்தனை விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், பலமான கையால்தானே பிடிப்பார்கள் என்று கடையில் வலக்கையில் மாட்டிப் பார்த்து, கச்சிதமாக இருக்கிறதே என்று பில் போட்டு வாங்கி வந்தவன் நான். கராஜில் இன்னும் புதுசாகவே கிடக்கிறது. உங்கள் கிளினிக்குக்கு இடக்கைக்காரர் யாராவது வந்தால் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.