அப்பாவின் பழைய டிராக்டரை என்ன விலைக்கு விற்பது?

கேள்வி: அப்பா போன வருடம் உயில் எதுவும் எழுதாமல் காலமாகிவிட்டார். அவர் வாங்கிய 14 வருடப் பழைய டிராக்டர், ரொட்டவேட்டர், ட்ரெய்லர் மூன்றும் சும்மா நிற்கின்றன. அம்மா, அண்ணன், நான், தங்கை என நாங்கள் நான்கு பேர். சித்தப்பா மகனுக்கே குறைத்துக் கொடுத்துவிடலாம் என்கிறார் அண்ணன். வெளியாள் ஒருவர் அதைவிடக் கூட்டிக் கேட்கிறார். அதுவும் குறைவு என்கிறாள் தங்கை. நான்கு வருடத்துக்கு முன் இஞ்சினைப் பிரித்து வேலை பார்த்தோம். இஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மணி மீட்டரும் வெகுநாளாக ஓடவில்லை. அதை மாற்றிவிட்டு விற்றால் நல்ல விலை போகும் என்கிறார் புரோக்கர். சட்டப்படி நியாயமான விலை எது? பின்னால் சிக்கல் வருமா?

பதில்: பழைய டிராக்டருக்கு இதுதான் விலை என்று சொல்லும் சட்டம் எதுவும் கிடையாது. சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 9-ஆம் பிரிவில் ‘நியாயமான விலை’ என்ற சொல் வருகிறது. ஆனால் அது விலையே பேசாமல் பொருளைக் கைமாற்றியவர்களுக்கு. நீங்கள் பேசி முடித்த விலை எதுவோ, அதுதான் விலை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இல் 25-ஆம் பிரிவின் கீழ் ஓர் உதாரணம் உண்டு: 1,000 ரூபாய் பெறுமான குதிரையை ஒருவர் 10 ரூபாய்க்கு விற்க மனமார ஒப்புக்கொள்கிறார், அந்த ஒப்பந்தம் செல்லும். அடுத்த உதாரணத்தில் அதே ஆள், “நான் மனமார ஒப்புக்கொள்ளவில்லை” என்கிறார். அப்போதுதான் அந்த 10 ரூபாயை நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்கும். உங்கள் வீட்டு நிலவரத்துக்கு இந்த இரண்டாவது குதிரைதான் பொருந்தும்.

ஏனென்றால் டிராக்டர் அண்ணனுடையது மட்டுமல்ல. நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் நால்வருக்கும் சம பங்கு. தங்கைக்குத் திருமணமாகியிருந்தாலும் அதேதான். சித்தப்பா மகனுக்குக் குறைத்துக் கொடுப்பதில் தவறே இல்லை, நான்கு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால். தங்கை ஒப்பாமல் விற்றுவிட்டு, “அண்ணன் பார்த்துச் செய்தது” என்று பிறகு சொல்வது எடுபடாது. சொந்தத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால், குறைகிற தொகையை அதற்கு ஆசைப்படுகிறவர் தன் பங்கில் கழித்துக்கொள்ளட்டும். என்னிடம் வந்த ஒன்றிரண்டு குடும்பங்களில் இப்படிச் சொன்னதுமே விலை தானாக ஏறியிருக்கிறது!

விலையை எப்படிக் கணிப்பது? இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கும் மதிப்பைக் கொண்டுவந்து காட்டுவார்கள். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு அது கம்பெனியும் நீங்களும் ஒத்துக்கொண்ட ஒரு தொகை, அவ்வளவுதான். வங்கி ஏலத்தில் போன விலையும் அளவுகோல் ஆகாது. அது அவசர விற்பனை. அதே மாடல், அதே வருடம், கிட்டத்தட்ட அதே நிலையில் உள்ள வண்டி அண்மையில் என்ன விலைக்குப் போனது என்று மூன்று நான்கு இடத்தில் விசாரியுங்கள். சொன்ன விலை வேண்டாம், கைமாறிய விலை வேண்டும். சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கை அழைத்து, குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்து புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். ரொட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி இஞ்சினை அணைத்தால், லிஃப்ட் அப்படியே நிற்கிறதா, மெல்ல இறங்குகிறதா? பின் டயரில் பட்டன் (புடைத்து நிற்கும் ரப்பர்) எவ்வளவு மிச்சம்? கிளட்ச் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால், மீட்டர் சொல்லாத கதையை அது சொல்லிவிடும். மூன்றையும் சேர்த்து ஒரே தொகை பேசாமல் டிராக்டர், ரொட்டவேட்டர், ட்ரெய்லர் என்று தனித்தனியாகப் போடுங்கள். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்திட்டு வையுங்கள். பிற்பாடு கேள்வி வந்தால் உங்களைக் காப்பாற்றப் போவது அந்தத் தாள்தான்.

மெக்கானிக் சொல்வதே விலை என்று வாங்குபவரோடு ஒப்பந்தம் போடுவதானால் கவனம். அவர் மதிப்பிட வராமல் போனால் அந்த ஒப்பந்தமே செல்லாது என்கிறது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு. விலையை முடிவுசெய்த பிறகே எழுதுங்கள்.

அப்புறம் அந்த மீட்டர். வியாபாரி அல்லாத ஒருவர் பழைய பொருளை விற்கும்போது, தரத்தைப் பார்த்து வாங்குவது பொதுவாக வாங்குபவர் பொறுப்பு. வெறுமனே வாய் திறக்காமல் இருப்பது பெரும்பாலும் மோசடி ஆகாது. ஆனால் ஓடாத மீட்டரைக் கழற்றிவிட்டுக் குறைந்த மணி காட்டும் வேறொன்றை மாட்டுவது சும்மா இருப்பதல்ல, மறைப்பது. ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் அது மோசடி. வாங்கியவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம், நஷ்ட ஈடும் கேட்கலாம். ‘உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது’ என்ற வரி அதிலிருந்து உங்களைக் காக்காது. புரோக்கர் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவார், நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். ‘மணி மீட்டர் ஓடவில்லை, இஞ்சின் ஒருமுறை பிரித்து வேலை பார்க்கப்பட்டது’ என்று விற்பனைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். இஞ்சின் வேலைக்கு பில் இருந்தால் அது குறையே அல்ல, விலை பேச உதவும்.

இப்படி எல்லாம் தெரிந்து வாங்கியவர் ஆறு மாதம் கழித்து, “கூட விலை கொடுத்துவிட்டேன்” என்று வந்தால் பயப்பட வேண்டாம். ஒரு பொருளின் மதிப்பைத் தப்பாக எடைபோட்டது, ஒப்பந்தத்தை உடைக்கக்கூடிய பிழை ஆகாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. அது உங்களுக்கும் பொருந்தும்: குறைத்து விற்றுவிட்டோம் என்று நீங்களும் போய் நிற்க முடியாது.

விலையைப் பாதிக்கும் காகிதங்கள் சில உண்டு. டிராக்டரின் பதிவு 15 வருடத்துக்குத்தான். பிறகு சோதனை செய்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு வருடம்கூட இல்லையென்றால் வாங்குபவர் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார். அப்பா வங்கிக் கடனில் வாங்கியிருந்தால், கடன் முடிந்தும் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) வங்கி பெயர் இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் வங்கியின் என்.ஓ.சி.யோடு (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) படிவம் 35 கொடுத்து நீக்க வேண்டும். ட்ரெய்லருக்குத் தனி ஆர்.சி. இருக்கும், அதை மறந்துவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு படிவம் 31 மூலம் வண்டியை உங்களில் ஒருவர் பெயருக்கு மாற்றுங்கள். ஒரு வருடம் ஆகிவிட்டதால் தாமதக் கட்டணம் கேட்பார்கள், கட்டிவிடுங்கள்.

2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள்; வாங்கினால் அதே அளவு அபராதம் வரலாம். வங்கி வழியாகவே வரட்டும். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து ஆன பிறகே சாவியைக் கொடுங்கள். கைமாறிய 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிப்பது விற்பவரின் கடமை. ஆர்.சி.யில் பெயர் மாறுவதற்குள் விபத்து நடந்தால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் டெலிவரி ரசீதில் தேதியோடு நேரத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.